தண்ணீர் கலக்காத இரத்தம்

என் அம்மா வாய்ப்பேச்சில் யாரிடமும் தோற்றதில்லை. கிராம அலுவலர், பள்ளிக்கூட அதிபர், பஸ் நடத்துநர் எல்லாரும் அவரைக் கண்டால் ஓர் அடி ஒதுங்கித்தான் நிற்பார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட அம்மாவை ஒரே வசனத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதர் ஒருவர் இருந்தார். புதுக்குடியிருப்பு வீதியில், எங்கள் ஊர்ச் சந்தியில், பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்.

அது மாரி காலம். அம்மா இரண்டு மாட்டின் பாலையும் தகரக் கானில் ஊற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நிலையப் பொறுப்பாளர் அந்தப் பாலை உயரமான குவளையில் ஊற்றி, லக்ரோமீற்றரை மெல்ல உள்ளே விட்டார். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் தாழ்ந்துபோய்க் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிக் கருவி அது. அது தாழ்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"அக்கா, ராத்திரி உங்கடை பக்கம் நல்ல மழையோ?"

"ஓம், ஏன்?"

"இல்லை, பாலுக்குள்ளையும் பெய்திருக்கு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கழுவிய கானைக் கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன் என்றுதான் அம்மா இன்றுவரைக்கும் சொல்கிறார். பெற்ற தாய், நம்பித்தான் ஆகவேண்டும். திரும்பி வந்த பாலில் அன்று பாயாசம் காய்ச்சி, ஒரு கோப்பையை வேண்டுமென்றே அவருக்குக் கொடுத்தனுப்பினார். வழித்துத் துடைத்த கோப்பை பின்னேரம் திரும்பி வந்தது. "பாயாசத்திலை தண்ணி இல்லை எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ" என்ற செய்தியும் கூடவே வந்தது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் அவர் பாலண்ணை. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். முன்னால் வயிறு வரும், பின்னால் அவர் வருவார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனை வைத்திருப்பார்கள். இவர் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அதற்குள் லக்ரோமீற்றரைப் பஞ்சு சுற்றி வைத்திருப்பார். கலியாண வீட்டுக்கும் அதோடுதான் போவார். ஒருமுறை பந்தியில் மோர் ஊற்றியபோது அவர் கை சட்டைப் பைக்குப் போனதையும், மனைவி அந்தக் கையைப் பிடித்து இலையில் வைத்ததையும் நான் கண்ணால் கண்டேன்.

அவரை ஏமாற்ற எங்கள் ஊரில் முயலாதவர்கள் குறைவு. குடியேற்றத் திட்டத்திலிருந்து வந்த ஒருவர் கொஞ்சம் கூடுதலாக யோசித்தார். பாலின் ஆடையை எடுத்துவிட்டால் பால் கனக்கும், பிறகு அளவாகத் தண்ணீர் விட்டால் லக்ரோமீற்றர் நல்ல பாலில் நிற்கிற இடத்திலேயே நிற்கும். அப்படித்தான் நின்றது. பாலண்ணை கருவியை வெளியே எடுத்தார், விரலில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார்.

"தம்பி, நேற்று வீட்டிலை தயிர் நல்லாத் தடிப்பா உறைஞ்சிருக்குமே?"

அந்த மனிதர் கானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பாலண்ணை வரிசையைப் பார்த்துச் சொன்ன வசனம் ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "கண்ணாடியை ஏமாத்தலாம். நாக்கை ஏமாத்தலாம். ரெண்டையும் ஒண்டா ஏமாத்தேலாது."

இந்த மனிதர்தான் எங்கள் ஆஸ்பத்திரியைப் பல மாதங்கள் ஏமாற்றினார். அவருக்கு அந்த வழியைக் காட்டிக் கொடுத்தவள் நான். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையை நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

நான் அப்போது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ஊராரின் பாலை அவர் பார்த்தார், இரத்தத்தை நான் பார்த்தேன். அதனால் எங்களுக்குள் ஒரு தொழில்முறை மரியாதை இருந்தது. பால் நிலையத்தில் என்னை "நீ" என்பார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் என் வெள்ளைச் சட்டைக்கு மரியாதை கொடுத்து "நீங்கள்" என்பார். "தங்கச்சி" மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது களைப்பு. கான் தூக்கினால் மூச்சு வாங்கியது. ஸ்கான் பண்ணிப் பார்த்த டொக்டர் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார். பாலண்ணைக்கு முதலில் வந்தது பயமல்ல, அவமானம். எங்கள் பக்கத்தில் ஈரலில் வருத்தம் என்றால் சாராயம் என்றுதான் அர்த்தம்.

"டொக்டர், நான் மணந்தும் பாத்ததில்லை. வேணுமெண்டால் என்ரை மனுசியைக் கேளுங்கோ."

குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று டொக்டர் எவ்வளவோ விளக்கினார். ஊருக்கு யார் விளக்குவது? பால் வரிசையில் நின்றவர்கள் பழி தீர்க்க நல்ல சந்தர்ப்பம் கிடைத்ததென்று, "அண்ணை பாலுக்குள்ளை என்ன கலந்து குடிச்சவரோ" என்று ஆளுக்கு ஆள் கேட்டுச் சிரித்தார்கள். அவர் கலந்து குடித்தது சீனி. அவருடைய மனைவியின் தாய் தகப்பன் மலையகத்தில் கொழுந்தெடுத்துவிட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தேத்தண்ணி போடுவதில் அந்த அக்காவை அடிக்க ஊரில் ஆள் கிடையாது. நல்ல சாயம், கட்டிப் பால், மூன்று கரண்டி சீனி. காலையில் பால் வரிசை முடிவதற்குள் அப்படி நாலு கோப்பை உள்ளே போகும். மத்தியானம் குவித்த சோறு. பிறகு யாராவது அன்பாகக் கொண்டுவந்த எருமைத் தயிர், அதற்கும் சீனி. நடை என்பது மோட்டார் சைக்கிளிலிருந்து கதிரைவரைக்கும்தான்.

முதல்நாள் அவருடைய இரத்தத்தை நான்தான் எடுத்தேன். ஊசி புதிதா என்று இரண்டுதரம் கேட்டார். குழாயை மெசினில் வைத்துச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அவருடையதில் மேலே நின்றது தெளிந்த நீரல்ல. வெள்ளை வெளேரென்று நின்றது. இரத்தத்தில் கொழுப்பு மிஞ்சினால் அப்படி வரும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியில் இருந்தவரைக் கூப்பிட்டு, குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினேன்.

"அண்ணை, உங்கடை ரத்தத்திலையும் பால்."

வேறு யாரும் என்றால் பயந்திருப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயைச் சரித்து, நிமிர்த்தி, அது கண்ணாடியில் ஒட்டி வழிவதை ஆராய்ந்தார்.

"ஆடை கனக்க இருக்கு" என்றார். அவருடைய கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. நான் குழாயைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

டொக்டர் அவருக்குச் சொன்னது இதுதான். கொழுப்பு சும்மா படிந்து கிடந்தால் பயமில்லை. அது ஈரலை அழலப் பண்ணத் தொடங்கினால்தான் வில்லங்கம். நெடுநாள் அழன்றால் ஈரல் தழும்பேறி இறுகிவிடும். அழலுகிறதா என்று பார்க்கச் சி.ஆர்.பி. என்றொரு இரத்தப் பரிசோதனை எழுதினார், ஈரல் நொதிகளுக்கும் எழுதினார். எல்லாமே கூடி இருந்தன. இரவில் சோற்றை விடுங்கள், சீனியை விடுங்கள், நடவுங்கள், மாதாமாதம் வந்து காட்டுங்கள் என்றார். குறையாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஸ்கான் பண்ணவேண்டும் என்றும் சொன்னார்.

அவர் ஒன்றையும் விடவில்லை. விட்டவர் அவருடைய மனைவி. கணவனின் இரத்தம் சுகமென்று வரும்வரைக்கும் ஒருநேரச் சோறுதான் என்று ஊர்க் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். சுகம் வந்தால் வைகாசிப் பொங்கலுக்குத் தலையில் பாற்செம்பு எடுத்துக் கோயிலுக்கு நடப்பதாகவும் வேண்டிக்கொண்டார். ஏற்கெனவே மெலிந்த மனுசி. மூன்றாம் கிழமை காலையில் பால் கான் கழுவிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். வரிசையில் நின்ற என் அம்மாதான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவர். பாலண்ணை பக்கத்தில் நின்று அழுதாராம். வரிசை முழுக்கப் பார்த்திருக்க, லக்ரோமீற்றரைக் கையில் பிடித்தபடி அழுதாராம். எப்படியும் அடுத்த பரிசோதனையில் சித்தியடைவது என்று அவர் முடிவெடுத்தது அன்றுதான்.

சித்தியடைய அவர் கண்ட வழி, நாளைக்குச் சோதனை என்றால் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளின் வழி. கிளினிக்குக்கு மூன்று நாள் முந்தி சோற்றை நிறுத்தினார். கஞ்சி, வல்லாரை, வெறுந்தேத்தண்ணி. நாலாம் நாள் காலையில் வந்து கையை நீட்டினார். மெசினிலிருந்து எடுத்தபோது மேல்நீர் தெளிந்திருந்தது. கொழுப்பும் நன்றாக இறங்கியிருந்தது. அவர் அந்தக் குழாயைப் பார்த்த பார்வையில் முதற்பிள்ளையைப் பார்த்த தகப்பனின் சந்தோஷம் இருந்தது.

"பாத்தியளே தங்கச்சி, ஒரு சொட்டு ஆடை இல்லை."

ஆனால் சி.ஆர்.பி. மூன்று நாள் கஞ்சிக்கு மசிகிற ஆள் இல்லை. கூடியபடியே நின்றது. நான் கடுதாசியைக் கொடுத்ததும் அவருடைய முகம் விழுந்த விழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, உடம்பிலை காயம், புண் ஏதும் இருக்கோ? அதாலையும் இது கூடும்."

நான் சொன்னது பொய்யல்ல. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஈரல் இந்தப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடும். எங்கோ நெருப்பு என்று அது சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது. பல்லில் சீழ் பிடித்தாலும் கூடும், காலில் முள் குத்திச் சீழ் கட்டினாலும் கூடும். பாலண்ணை குனிந்து தன்னுடைய இரண்டு காலையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம்... ஒரு முள்ளு ஏறினதுதான்" என்றார்.

டொக்டரிடமும் அதையே சொன்னார். வெளியில் இன்னும் பாதி ஊர் காத்திருந்தது. டொக்டர், சரி, காயம் ஆறட்டும், அடுத்த மாதம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தை யோசிப்போம் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். கொப்பி ஆங்கிலத்தில் இருந்தது. பாலண்ணை வீட்டுக்குப் போய் மனைவிக்கு அதை உரக்க வாசித்தார். "ஈரல் சுகம். இனிப் பயமில்லை." அக்கா அன்று இரவு இரண்டாம் நேரச் சோறு சாப்பிட்டார். அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, பாற்செம்புக்கு அம்மாவையும் துணைக்கு வரச்சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். நான் அன்று வேலையில். அம்மாவும் சொல்ல மறந்துவிட்டார், எனக்கு எதுவும் தெரியாது.

அடுத்த மாதம் அவர் காலில் கட்டோடு வந்தார். தடித்த வெள்ளைக் கட்டு, பெருவிரலில். நொண்டி நொண்டி வந்து கதிரையில் இருந்தார். சி.ஆர்.பி. கூடியிருந்தது. டொக்டர் கட்டைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார், அடுத்த மாதம் என்றார். அதற்கடுத்த மாதமும் கட்டு, அதற்கடுத்த மாதமும் கட்டு. ஒரு முள்ளுக்கு இவ்வளவு ஆயுளா என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. "அண்ணை, உங்கடை முள்ளுக்குப் பிறந்தநாள் கொண்டாடலாம் போலை கிடக்கு" என்று பகிடிதான் விட்டேன். அவர் என்னைவிடக் கூடச் சிரித்தார்.

பிடிபட்டது வைகாசிக்குக் கொஞ்ச நாள் முந்தி. அன்று வலக்காலில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். போன மாதம் நொண்டியது இடக்கால். அதை நான் எப்படி மறப்பேன்? அந்தக் காலைத்தான் கதிரைக்கு வெளியே நீட்டி, என்னைத் தடுக்கி விழப்பண்ணியவர்.

கதவைச் சாத்தினேன். "அண்ணை, காலைத் தூக்கி இந்த வாங்கிலை வையுங்கோ."

"சும்மா சின்னக் காயம் தங்கச்சி. நீங்கள் ரத்தத்தை எடுங்கோ."

"வையுங்கோ அண்ணை."

நானே குனிந்து அவிழ்த்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. புண்ணுக்குக் கட்டிய கட்டில் மருந்து மணக்கவேண்டும். இதில் பால் மணத்தது. பால் வடிக்கிற துணி! உள்ளே பெருவிரல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நகம்கூட அழகாக வெட்டியிருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மேசையில் கிடந்த அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. மாதாமாதம் நான் என் கையாலே அச்சடித்துக் கொடுத்த கடுதாசிகள். சி.ஆர்.பி. கூடியிருக்கிறது. பக்கத்திலேயே ஈரல் நொதியும் கூடியிருக்கிறது, மாதத்துக்கு மாதம் இன்னும் கூடிக்கொண்டு போயிருக்கிறது. கால்விரல் புண்ணுக்கும் ஈரல் நொதிக்கும் என்ன சம்பந்தம்? டொக்டருக்கு நேரமில்லை, கட்டு கண்ணில் பட்டது. எனக்கு நேரம் இருந்தது. நானும் கட்டைத்தான் பார்த்தேன்.

"அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள், ஒரு கருவியை ஏமாத்தலாம், ரெண்டையும் ஒண்டா ஏமாத்தேலாது எண்டு? இது ஒரு கருவி. இதுக்குக் கால்விரலைக் காட்டிப்போட்டியள். இஞ்சை பாருங்கோ, இது ரெண்டாவது. முள்ளுக் குத்தினால் இது ஏன் ஏறுது?"

அவர் கடுதாசியை வாங்கிப் பார்த்தார். பால் குவளைக்கு முன் குனிகிற அதே மாதிரிக் குனிந்து பார்த்தார்.

"தண்ணியும் விட்டு ஆடையும் எடுத்திருக்கிறன்" என்றார் மெதுவாக. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அவள் விழுந்ததை நீங்கள் பாக்கேல்லை தங்கச்சி. கானுக்குப் பக்கத்திலை துணி மாதிரிக் கிடந்தவள். யாழ்ப்பாணம் போனால் அவளுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சால் திரும்ப அந்த ஒருநேரச் சோறு. வைகாசிப் பொங்கல் முடியட்டும், அவள் பாற்செம்பு எடுக்கட்டும். பிறகு போறன்."

"அதுவரைக்கும் உங்கடை ஈரல் பாத்துக்கொண்டு இருக்குமோ?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "காயம் எண்டு வாயிலை எடுத்தவள் நான். எனக்கு ராவிலை நித்திரை வரவேண்டாமே? இண்டைக்கு டொக்டரிட்டைச் சொல்லுறது நீங்களோ, நானோ?"

அவர் எழும்பினார். கட்டு இல்லாத காலோடு, நொண்டாமல், டொக்டரின் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கான துண்டுச்சீட்டு இருந்தது.

"வீட்டிலை சொல்ல எனக்கு வாய் வராது" என்றார். "நாளைக்குக் காலமை நீயும் வா." ஆஸ்பத்திரிக்குள் அவர் என்னை "நீ" என்றது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பால் வரிசை கலைந்த பிறகு போனேன். அக்கா கான்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பாலண்ணை தொடங்கினார், விக்கினார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கொழுப்பு, அழற்சி, கட்டு, யாழ்ப்பாணம், எல்லாம் சொன்னேன். அக்கா கடைசிக் கானைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கேட்ட முதற் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"பால் வடிக்கிற துணியையோ காலிலை சுத்தினீங்கள்? பிறகு அதாலை ஊருக்குப் பால் வடிச்சனீங்களோ?"

"ஐயோ இல்லை! அது வேறை, புதுத் துணி! அம்மாளாணை!" பாலண்ணை அவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. ஈரலைப் பற்றிக்கூட அவர் அப்படிப் பதறவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா கானின் மேல் அமர்ந்து அழுதார். "என்ரை ஒருநேரப் பசிக்கோ நீங்கள் ஈரலைக் குடுத்தனீங்கள்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஒரு மூலையில் நின்று, என் வாயைத் தைத்துவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடிந்ததும் அக்கா முகத்தைக் கழுவினார். "வெளிக்கிடுங்கோ, கோயிலுக்கு. தங்கச்சி, நீங்களும் வாங்கோ, சாட்சிக்கு."

கோயிலில் பூசாரியார் மணி துலக்கிக்கொண்டிருந்தார். அக்கா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, நான் வைச்ச நேர்த்தியை இவரின்ரை தலையிலை மாத்தேலுமோ?"

பூசாரியார் யோசித்தார். "ஆருக்காக வைச்சது?"

"இவருக்காக."

"வருத்தம் ஆருக்கு?"

"இவருக்கு."

"அப்ப பட்டினி மட்டும் ஏன் பிள்ளை உனக்கு? ஒரு வீட்டுக்குள்ளைதானே. தாராளமா மாத்து."

அங்கேயே சூடம் கொளுத்தி மாற்றினார்கள். இரவில் சோறில்லை. சீனி இல்லை. தயிர் இல்லை. பின்னேரத்தில் வீட்டிலிருந்து கோயில்வரைக்கும் நடந்து வந்து, நடந்து போகவேண்டும். மோட்டார் சைக்கிள் கூடாது. டொக்டர் முதல்நாளே சொன்னதும் இதுதான். ஆனால் டொக்டர் சொன்னால் அது புத்திமதி, அம்மாளுக்கு முன்னால் சொன்னால் அது நேர்த்தி. நேர்த்தியில் தண்ணீர் கலக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிவு கிடையாது, பாலண்ணைக்குக் கொஞ்சமும் கிடையாது. அக்கா ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். தான் இரவில் வயிறாரச் சாப்பிடுவதை அவர் எதிரே இருந்து பார்க்கவேண்டும்.

"ஊரிலை ஆருக்கும் இப்பிடியொரு நேர்த்தி இல்லை" என்று பாலண்ணை என்னிடம் முறையிட்டார். "அவள் பொரியல் வைச்சுச் சாப்பிடுறாள் தங்கச்சி. வேணுமெண்டு மொறு மொறெண்டு சாப்பிடுறாள்."

யாழ்ப்பாணத்து ஸ்கான் நல்ல செய்தி சொல்லவில்லை. ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டது. தொடக்கம்தான், கவனமாக இருந்தால் நிறுத்தலாம், ஆனால் சில மாதம் முந்தி வந்திருக்கலாம் என்று அங்கிருந்த டொக்டர் சொல்லியிருக்கிறார். பாலண்ணை பால் நிலையத்தில் வைத்து அதை எனக்குச் சொன்னபோது, அந்தச் சில மாதங்கள் எவை என்று எனக்குத் தெரிந்தது. என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு அது விளங்கிவிட்டது.

"விசர்க் கதை கதையாதை" என்றார், நான் வாயே திறக்காதபோதே. "வாய் உன்ரை எண்டாலும் கால் என்ரை. கட்டினது நான்."

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எப்போது இரத்தம் எடுப்பது என்று நான் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. அதைக் கேட்டவர் அவரே. "ஆயத்தப்படுத்திக் காட்டினால் அது பரிசோதனையோ? நான் உன்ரை அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டோ கண்ணாடியை விட்டனான்?" டொக்டரும் சரி என்றார். ஆகவே நினைத்த காலையில் பால் நிலையத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, "அண்ணை, இண்டைக்கு" என்பேன். வரிசையில் நின்றவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். "தங்கச்சி, நல்லாக் குலுக்கிப் பாருங்கோ, தண்ணி விட்டிருப்பார்" என்று பின்னாலிருந்து குரல் வரும். அநேகமாக அது என் அம்மாவின் குரலாக இருக்கும்.

சி.ஆர்.பி. கீழே இறங்க மனமில்லாமல்தான் இறங்கியது. ஒரு மாதம் கொஞ்சம் இறங்கும், அடுத்த மாதம் நிற்கும், ஒரு தடவை ஏறியும் விட்டது. அன்று அவருக்கு உண்மையாகவே கடைவாய்ப் பல்லில் சீழ். வாயைப் பெரிதாகத் திறந்து என்னிடமும், டொக்டரிடமும், பால் வரிசையில் நின்ற எல்லாரிடமும் காட்டிய பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

வயிறு மெல்ல மெல்ல உள்ளே போனது. அடுத்த வைகாசியில் பாற்செம்பு எடுத்தவர் அவர்தான். சுகம் வந்து எடுக்கவில்லை, சுகம் வரவேண்டுமென்று எடுத்தார். அக்கா பக்கத்தில் நடந்தார், வழியில் தாகசாந்திப் பந்தலில் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்துக்கொண்டு.

பிறகு எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முந்திய கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கடைசித் தடவையாக அவருடைய கையில் ஊசி போட்டேன். மேல்நீர் தெளிந்திருந்தது. நொதி இறங்கியிருந்தது. சி.ஆர்.பி. அதுவரைக்கும் வந்ததில் ஆகக் குறைவாக வந்தது, ஆனாலும் இருக்கவேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. கடுதாசியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர் கதிரையில் இருந்தார். பக்கத்தில் அக்கா கன்ரீனில் வாங்கிய பணிஸை அவருக்கு நேரே பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடித் தங்கச்சி?"

"நல்லாக் குறைஞ்சிருக்கு அண்ணை. இன்னும் ஒரு பொட்டுக் கூடத்தான்." பழைய பழக்கம், என் வாயை என்ன செய்ய? "காயம், புண் ஏதும்..." என்று தொடங்கிவிட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தூக்கி, பத்து விரலையும் அகல விரித்து எனக்குக் காட்டினார். வெளியில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பணிஸ் வாயோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது, கடுதாசியில் இருந்த எண் தெரியவில்லை.

"தண்ணி கலக்கேல்லை" என்றார் பாலண்ணை. "உள்ளதை எழுதுங்கோ."